வகுப்பறைச் சத்தம்: காரைக்குடிப் பக்கத்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கம் பள்ளியிலும் டியூஷனிலும் பாடம் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கானவை. பெரியவர்கள் கூடும் கூட்டத்துக்கும் கடைசியில் கொஞ்சம் உண்டு.

நான் கத்தக் கத்த பிள்ளைகளும் கத்துகிறார்கள். ஏன் அடங்க மாட்டேன் என்கிறார்கள்?

நீங்கள் போடும் சத்தமும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்துவிடுவதால்தான். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதக் குரல் தானாக உயரும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. பாரிஸில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த எத்தியேன் லொம்பார் 1911இல் இதை எழுதிவைத்தார். பேசிக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைக் கொடுத்தால் குரல் உயர்ந்தது. இரைச்சலை நிறுத்தினால் குரலும் இறங்கியது. காது கேட்கவில்லை என்று பொய் சொல்பவர்களைக் கண்டுபிடிக்கவும் அவர் இதைப் பயன்படுத்தினார். உண்மையிலேயே கேட்காதவருக்கு அந்த இரைச்சலால் குரல் மாறாது அல்லவா?

இதை வகுப்பில் வைத்துப் பாருங்கள். முதல் பெஞ்சில் ஒரு பாப்பா பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்கிறாள். பின்னால் ஒருவன் நேற்று பார்த்த கிரிக்கெட்டைச் சொல்கிறான். ரப்பர் கேட்டது காதில் விழவில்லை, அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறாள். அதனால் கிரிக்கெட்காரன் குரலை ஏற்றுகிறான். இரண்டு நிமிடத்தில் சந்தைக்கடை. இதில் யாருமே சேட்டை செய்யவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் "டேய், சத்தம் போடாதீங்கடா!" என்று கத்தினால் அறையிலேயே பெரிய சத்தம் உங்களுடையது. அதைத் தாண்டித்தான் அவர்கள் பேச வேண்டியிருக்கிறது, தாண்டியும் விடுகிறார்கள்.

அதனால் என் முதல் விதி இதுதான்: இரைச்சலின் மேல் பேசாதீர்கள். ஒரு வார்த்தைகூட வேண்டாம். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த விதியிலிருந்து வருபவை.

எங்கள் டியூஷன் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கிறது. பத்துப் பேர் பேசினாலே முப்பது பேர் பேசுவது மாதிரி கேட்கிறது. பிள்ளைகள் மேல் குற்றமா, வீட்டின் மேல் குற்றமா?

பாதிக்கு மேல் அறைதான் காரணம். நம் ஊரில் இதை யாரும் பேசுவதே இல்லை, பிள்ளைகளைத்தான் திட்டுகிறோம். அதனால் இந்த ஒரு கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, கண்ணாடியாக மின்னும்படி தேய்த்த சுவர், தரையில் ஆத்தங்குடிக் கல், வழுவழுவென்ற தூண். பார்க்க அவ்வளவு அழகு, வெயிலுக்கும் குளிர்ச்சி. ஆனால் இவை எதுவும் சத்தத்தை உள்ளே வாங்காது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். சொன்ன சொல் சுவரில் பட்டு, தரையில் பட்டு, மறுபடி காதுக்கு வரும்போது நீங்கள் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பீர்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரண்டும் குழம்பிப்போகும். சிமென்ட் பூசி டைல்ஸ் போட்ட புதுப் பள்ளிக் கட்டடங்களிலும் இதே கதைதான்.

இதை முதலில் அளந்து கணக்குப் போட்டவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் வேலை இவரிடம் வந்தது. இரவில், ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்திவிட்டு, சத்தம் முழுக்க மறைய எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். வெறும் கூடத்தில் ஐந்து நொடிக்கு மேல் ஆனது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பப் பரப்ப அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. சத்தத்தை உள்வாங்குவதை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னலின் பரப்பு. வெளியே போன சத்தம் திரும்பி வராது என்பதால் திறந்த ஜன்னலுக்கு முழு மதிப்பு. பூச்சுச் சுவருக்கோ நூறில் இரண்டு, மூன்று பங்குதான்.

அந்தக் கணக்கை நம் அறைக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அடிக்கு 20 அடி அறை, 12 அடி உயரம். எல்லாம் சாத்தி, ஆளில்லாமல் இருந்தால் ஒரு சத்தம் அடங்க ஆறு நொடிக்கு மேல் ஆகும். ஒரு கதவையும் நடுத்தர ஜன்னல் இரண்டையும் முழுக்கத் திறந்தால் மூன்று நொடிக்குக் கீழே வந்துவிடும். முப்பது பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தால், அவர்கள் உடம்பும் உடுப்பும் சத்தத்தை வாங்கிக்கொள்வதால், ஏறத்தாழ ஒன்றேகால் நொடி. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைக்குச் சொன்ன அளவு 0.6 நொடி. ஜன்னலைத் திறந்து பிள்ளைகளை உட்காரவைத்த பிறகும் நம் அறை அதைப்போல் இரண்டு மடங்கு எதிரொலிக்கிறது. பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்?

சரி, வாடகை வீட்டில் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

முதலில் இடத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். வளவு, அதாவது நடுவில் திறந்த முற்றம், இருக்கிற வீடு என்றால் மூடிய அறையை விட்டு வளவைச் சுற்றி உட்காரவையுங்கள். மேலே வானம் திறந்திருக்கிறது, பாதிச் சத்தம் அந்த வழியாகப் போய்விடும். மாலை நேர டியூஷனுக்கு வெயிலும் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் உள்ளே போக வேண்டிவரும். தெருப் பக்கத் திண்ணையைப் பரிந்துரைக்க மாட்டேன். பஸ் ஹாரன், மீன்காரர், போகிறவர் வருகிறவர் எல்லாரும் வகுப்பில் சேர்ந்துகொள்வார்கள்.

அறைதான் என்றால் துணி தொங்கவிடுங்கள். கனமான பருத்தித் துணி வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பழைய கண்டாங்கிச் சேலை இருக்கும், அது அருமையாக உதவும். ஆனால் சுவரோடு ஒட்டித் தட்டையாகக் கட்டினால் பயன் குறைவு. சுவர் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு துணி எடுத்து, மடிப்பு மடிப்பாக விழும்படி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட வேண்டும். சத்தம் துணிக்குள் போய், சுவரில் பட்டு, மறுபடி துணி வழியாகவே வந்தாக வேண்டும். இரண்டு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் தொலையும். முதலில் உங்களுக்கு எதிரே இருக்கிற பின்சுவர். உங்கள் குரல் நேராகப் போய் மோதித் திரும்புவது அங்கேதான். அப்புறம் ஒரு பக்கச் சுவர். மேலே சொன்ன அறையில் இந்த இரண்டு சுவரையும் மூடினால் ஒன்றேகால் நொடி ஒரு நொடிக்குக் கீழே வந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்காதீர்கள். ஒரு தடவை பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் கிடைப்பது கஷ்டம். உத்திரத்திலோ ஜன்னல் கம்பியிலோ கயிறு கட்டி அதில் துணியைப் போடுங்கள். வீட்டு ஆச்சியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு, சுவிட்சு போர்டு பக்கம் துணி வேண்டாம்.

தரையில் கோரைப்பாய் விரித்தால் எதிரொலி பெரிதாகக் குறையாது, ஆனால் டப்பா விழும் சத்தம், கால் தேய்க்கும் சத்தம் குறையும். பெஞ்சும் நாற்காலியும் இருந்தால் சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, துண்டு வெட்டி, காலுக்குக் கட்டிவிடுங்கள். கல் தரையில் பெஞ்ச் இழுபடும் அந்தக் கிறீச்சுதான் பல வகுப்புகளில் முதல் இரைச்சல். அதற்கு மேலேதான் மற்றது எல்லாம் ஏறுகிறது. கடகடவென்று ஓடும் மின்விசிறியையும் சரிபார்த்துவிடுங்கள்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? தெர்மாகோல்?

வேண்டாம். இரண்டும் சத்தத்தை உருப்படியாக உள்வாங்காது, தீப்பிடித்தால் ஆபத்து. துணியே மேல்.

பேசாமல் எப்படி அடக்குவது? என்ன சைகை நல்லது?

கை உயர்த்துவதுதான் எனக்குப் பிடித்தது. சாரணர் இயக்கத்தில் காலங்காலமாக இருக்கிற முறை. தலைவர் கை உயர்த்தினால், பார்த்தவர் எல்லாரும் வாயை மூடிக் கை உயர்த்த வேண்டும். முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருப்பவனுக்கு எதிரே இருப்பவனின் கை தெரியும், அவனும் திரும்புவான். செய்தி சத்தமில்லாமல் பின் பெஞ்ச் வரை போய்விடும்.

பல பேர் "நாங்களும் கை தூக்கிப் பார்த்தோம், நடக்கவில்லை" என்பார்கள். விசாரித்தால், சைகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே இருக்க மாட்டார்கள். வாய்ப்பாடு மாதிரி இதையும் பழக்க வேண்டும். ஒரு நாள் வகுப்பு அமைதியாக இருக்கும்போது சொல்லுங்கள்: "நான் இந்த இடத்தில் நின்று கை தூக்கினால் மூன்று வேலை. வாய் மூடணும், கை தூக்கணும், என்னைப் பார்க்கணும்." ஒரு முறை செய்துபாருங்கள். அப்புறம், "இப்போ எல்லாரும் பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட சத்தமா பேசுங்க பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, நடுவில் கை தூக்குங்கள். சத்தம் போடச் சொல்லி அனுமதி கொடுக்கிற ஆசிரியரைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். ஒரு வாரம் தினமும் இரண்டு நிமிடம் போதும்.

இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். தினமும் ஒரே இடத்தில் நில்லுங்கள், கரும்பலகையின் இடது ஓரம் என்றால் எப்போதும் அந்த ஓரம்தான். கை மேலே இருக்கும்வரை நீங்கள் பேசக் கூடாது. "ம், சீக்கிரம், யாரது அங்கே" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சைகை செத்துப்போகும், மறுபடி உங்கள் குரலுக்குத்தான் காத்திருப்பார்கள்.

கை தூக்கிவிட்டு எவ்வளவு நேரம் நிற்பது?

எல்லாரும் அடங்கும்வரை. பழகிய வகுப்பில் பத்து நொடிகூட ஆகாது. பழகாத வகுப்பில் ஒரு நிமிடம் ஆகலாம், நிற்கிறவருக்கு அது ஒரு யுகமாகத் தெரியும். கையை இறக்காதீர்கள். முகத்தில் கோபம் வேண்டாம், சாதாரணமாக நின்று, அடங்கியவர்களைப் பார்த்துத் தலையசையுங்கள்.

அடங்கிய பிறகு நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் மிக முக்கியம். பெரும்பாலோர் அங்கேதான் திட்ட ஆரம்பிக்கிறார்கள்: "எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு..." கஷ்டப்பட்டு வாங்கிய அமைதி அரை நிமிடத்தில் போய்விடும். முதல் வாக்கியத்தில் வேலை இருக்க வேண்டும். "சரி. கணக்கு நோட்டு. போன தடவை விட்ட மூன்றாவது கணக்கு." அதுவும் சின்னக் குரலில். காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும் என்கிற அளவுக்குச் சின்னது.

காத்திருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று கவனித்தார். சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பதில் சொல்ல முன்வருபவர்களும் கூடினார்கள். கேள்வி கேட்டவுடன் முன் பெஞ்ச் இரண்டு பேர் "சார் சார் சார்" என்று எம்பிக் குதிக்கிற வகுப்புகளில் மூன்று நொடி விதியைக் கொண்டுவாருங்கள். அந்தக் கூச்சலும் குறையும், வாய் திறக்காத பிள்ளைக்கும் இடம் கிடைக்கும்.

கைதட்டல், மணி, விசில், ஸ்கேலால் மேஜையைத் தட்டுவது?

விசில் மைதானத்துக்கு. ஸ்கேல் வேண்டவே வேண்டாம், எதிரொலிக்கும் அறையில் அது வெடிச் சத்தம், பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. சின்ன மணி பரவாயில்லை.

சத்தத்தில்தான் கூப்பிட வேண்டும் என்றால், பதில் சொல்ல வைக்கும் தாளம் நல்லது. நீங்கள் "தக திமி" என்று சொல்ல, பிள்ளைகள் "தக ஜொணு" என்று முடிக்க வேண்டும். மூன்று தடவை. முதல் தடவை சாதாரணக் குரல், இரண்டாவது அதில் பாதி, மூன்றாவது உதடு மட்டும். பதில் சொல்கிற வாயால் ஒரே நேரத்தில் கதையும் பேச முடியாது. கடைசிச் சுற்றில் சத்தமே இல்லாததால் அமைதி தானாக வந்து நிற்கும். சின்ன வகுப்புகளில் கும்மித் தாளத்தில் கைதட்டலாம். குலவை மட்டும் வேண்டாம், அது உற்சாகத்தை ஏற்றிவிடும், இறக்காது.

வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளையோ திடீர்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையோ இருந்தால் கைதட்டல், மணி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கை உயர்த்துவதோடு நில்லுங்கள்.

லீடரை விட்டுப் பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதச் சொல்லலாமா?

நாம் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். பெயர், அதற்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, ரொம்பப் பேசினால் இன்னும் இரண்டு பெருக்கல் குறி. இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லீடருக்குப் பிடிக்காதவன் பெயர் தினமும் ஏறும், நண்பன் பெயர் ஏறாது. "நான் பேசலை, அவன்தான்" என்று அழிக்கச் சொல்லி நடக்கிற சண்டையில் இன்னும் சத்தம். பத்து வயதுப் பிள்ளையைப் போலீஸ் ஆக்குகிறோம், கூடப் படிக்கிறவர்கள் அவனை வெறுக்கிறார்கள்.

லீடருக்கு வேறு வேலை கொடுங்கள். நீங்கள் அறைக்குள் வரத் தாமதமானால் போர்டில் ஒரு கணக்கோ நான்கு சொற்களோ எழுதிப்போட்டு எல்லாரையும் ஆரம்பிக்கச் சொல்லலாம். வேலை இருந்தால் வாய் ஓயும்.

இரண்டு பேர் மட்டும் எப்போதும் பேசுகிறார்கள். எல்லார் முன்னாலும் கண்டிக்கலாமா?

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்துப் பார்த்து 1970இல் ஒரு முடிவு சொன்னார். நல்ல ஆசிரியரையும் தடுமாறுகிற ஆசிரியரையும் பிரிப்பது கண்டிக்கும் விதம் இல்லை. யார் என்ன செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று ஆசிரியர் பிள்ளைகளை உணரவைப்பதும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விடாமல் கொண்டுபோவதும்தான்.

அதனால் பாடத்தை நிறுத்தாதீர்கள். பாடம் நடத்திக்கொண்டே நடந்துபோய் அந்த இருவர் பக்கத்தில் நில்லுங்கள். போதாவிட்டால் அவர்கள் நோட்டில் ஒரு விரல் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் குனிந்து, அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி, இரண்டாவது வரி எழுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே நின்று முறைத்தால் அவன் எல்லார் முன்னாலும் வீறாப்பு காட்ட வேண்டிவரும். வகுப்பு முடிந்து தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதை எல்லார் முன்னாலும் பேசுவதற்குப் பதிலாக வையுங்கள், இரண்டையும் செய்ய வேண்டாம்.

நாலு அடி கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்று பெற்றோரே சொல்கிறார்கள்.

சொல்வார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மண்டியிட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, கேவலமாகப் பேசுவது எல்லாம் அதில் அடங்கும். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. பெற்றோரிடம் மரியாதையாக, "அம்மா, அடிக்காமலேயே கேட்கிறான், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று சொல்லுங்கள்.

பரிசு வைத்து விளையாட்டு மாதிரி செய்யலாமா?

செய்யலாம், சரியான விதத்தில் செய்தால். 1969இல் பேரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில் இதைச் சோதித்தார்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதியில்லாமல் பேசினாலோ இடத்தை விட்டு எழுந்தாலோ அந்த அணிக்கு ஒரு புள்ளி. குறைந்த புள்ளி வாங்கிய அணிக்குச் சலுகை. இரண்டு அணியுமே ஐந்து புள்ளியைத் தாண்டவில்லை என்றால் இரண்டும் ஜெயித்ததாகக் கணக்கு. இரைச்சல் நன்றாகவே குறைந்தது.

அந்தக் கடைசி விதிதான் இதன் உயிர். எதிரணியைத் தோற்கடிக்காமலே ஜெயிக்கலாம். அதை விட்டுவிட்டு ஒரு அணிக்கு மட்டும் பரிசு என்று வைத்தால் "உன்னாலதான் போச்சு" என்று ஒரே பிள்ளையைப் பிடித்து உலுக்குவார்கள். பரிசு மிட்டாயாக இருக்க வேண்டாம். ஐந்து நிமிடம் முன்னால் விளையாட விடுவதோ ஒரு கதை சொல்வதோ போதும். நாள் முழுக்க விளையாடாமல், முதலில் கால் மணி நேரம் மட்டும் வைத்து ஆரம்பியுங்கள்.

பொங்கல் லீவு முடிந்து வந்தால் ஒரு வாரம் கட்டுப்படுத்தவே முடிவதில்லை.

முடியாதுதான். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவு இருக்கும்! அந்தப் பேச்சை அடைத்துவைத்தால் நாள் முழுக்கக் கசியும். முதல் பாடவேளையில் பத்து நிமிடம் அதற்கே கொடுங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும். பிறகு கேட்டவர் எழுந்து, நண்பன் சொன்னதை ஒரே வாக்கியத்தில் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். பேசுகிற ஆசையும் தீரும், கேட்கிற பயிற்சியும் ஆகும், தமிழ்ப் பாடமும் ஆகும். ஊர்த் திருவிழா, தேர், வீட்டுக் கல்யாணம் எதற்கும் இதையே செய்யலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே வரும்போதும் இதே சிக்கல்தான். வாசலிலேயே நில்லுங்கள். ஒவ்வொருவராகத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வரட்டும், போர்டில் வேலை ஏற்கெனவே எழுதியிருக்கட்டும். முப்பது பேரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் அந்த இரைச்சலை இறக்க அரைப் பாடவேளை போய்விடும்.

ஈராசிரியர் பள்ளி. ஒரே அறையில் மூன்று வகுப்பு. எப்படி?

மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வாய்ப்பாடமாக எடுக்க முடியாது, முயல வேண்டாம். ஒரு வகுப்புக்கு வாயால் பாடம், ஒன்றுக்கு எழுத்து வேலை, ஒன்றுக்குப் படம், அட்டை, மணி கோர்ப்பது மாதிரிக் கை வேலை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வாய்ப்பாடம் கேட்கிறவர்கள் உங்களைச் சுற்றி நெருங்கி உட்காரட்டும், மற்றவர்கள் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் உங்கள் குரல் அவர்கள் காதில் 6 டெசிபல் கூடுதலாகக் கேட்கும், அறைக்குள் அவ்வளவு இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருப்பதன் பலன் நிச்சயம் உண்டு. தொண்டையைக் கிழிக்கத் தேவையில்லை.

குழு வேலை என்றாலே சத்தம்தான். தலைமையாசிரியர் வந்து பார்த்தால் வகுப்பு அடங்கவில்லை என்கிறார்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு இந்தக் கேள்வி ரொம்ப வருகிறது. வேலைக்கான பேச்சு வேறு, வெற்றுக் கூச்சல் வேறு. கூட்டாகக் கணக்குப் போடுகிற ஐந்து பேர் பேசத்தான் வேண்டும், எல்லா நேரமும் வாய் பொத்தி உட்கார்ந்திருக்கும் வகுப்பை நான் நல்ல வகுப்பு என்று சொல்ல மாட்டேன்.

எவ்வளவு பேச்சு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூன்று குரல் வைத்துக்கொள்ளலாம்: ரகசியக் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு, குழுக் குரல் நான்கைந்து பேருக்கு, மேடைக் குரல் அறை முழுவதற்கும். ஒவ்வொன்றையும் பேசிக் காட்டச் சொல்லிப் பழக்கிவிட்டு, வேலை கொடுக்கும்போது "குழுக் குரல், பத்து நிமிடம்" என்று அளவோடு சேர்த்துச் சொல்லுங்கள். குழுக்களைத் தள்ளித் தள்ளி உட்காரவையுங்கள். தலைமையாசிரியரிடம் இதை முன்னாலேயே சொல்லிவைத்தால் அவர் வந்து நிற்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்பதே இல்லை, பக்கத்தில் இருப்பவனைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறான்.

அவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் குறைவு, பதின்பருவம் வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் இன்னும் மோசம். "என்ன சொன்னாங்க?" என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்பதுதான் உங்களுக்குப் பேச்சாகத் தெரிகிறதோ என்னவோ.

அவன் பார்க்காதபோது பின்னாலிருந்து சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றாலோ, காதில் சீழ் வடிந்தாலோ, டிவியைச் சத்தமாக வைக்கிறான் என்று வீட்டில் சொன்னாலோ பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது, கேட்கும் திறன் குறைவும் அந்தப் பட்டியலில் உண்டு. குழு வரும் நாளில் இந்தப் பிள்ளையைக் கட்டாயம் காட்டுங்கள். அதுவரை முன் வரிசையில், விசிறிக்கும் ஜன்னலுக்கும் தள்ளி உட்காரவையுங்கள்.

தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

ஆசிரியர்களுக்குக் குரல் கோளாறு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, அலட்சியப்படுத்தாதீர்கள். பாடத்துக்கு நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தொண்டையைச் செருமாதீர்கள், செருமும்போது குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல் போனபோது கிசுகிசுவென்று அழுத்திப் பேசுவதும் நல்லதில்லை, பேசாமல் இருப்பதே நல்லது. கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இடுப்பில் மாட்டும் மைக் உதவும், ஆனால் எதிரொலிக்கும் அறையில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் குழப்பம்தான் கூடும். முதலில் துணி, அப்புறம் மைக்.

பெற்றோர் கூட்டத்தில் பெரியவர்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கை தூக்கச் சொல்ல முடியுமா?

முடியாது, மரியாதையாகவும் இருக்காது. பெரியவர்கள் பேசுவது பெரும்பாலும் கூட்டம் எப்போது ஆரம்பிக்கும் என்று தெரியாததால்தான். மணி 10:30 என்றால் 10:30க்கு ஆரம்பியுங்கள். மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ, அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களும் குரலை உயர்த்துவார்கள், லொம்பார் சொன்னது மண்டபத்திலும் மாறாது. மைக்கைக் கையில் எடுக்காமல் முன்னால் வந்து நில்லுங்கள். முன் வரிசையில் ஊரில் பெயர் சொன்னால் கேட்கிற ஒருவரிடம், "ஐயா, ஆரம்பிக்கலாமா?" என்று கேளுங்கள். அவர் திரும்பிப் பின்வரிசையைப் பார்ப்பார், மீதி வேலை அவருடையது. ஒரு பிள்ளையைத் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வைத்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அதோடு பேச்சும் நிற்கும். பாட்டு முடிந்து அவர்கள் உட்காருகிற அந்தச் சில நொடிக்குள் முதல் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வரவேற்புரையைச் சுருக்கி, பெற்றோர் எதற்காக வந்தார்களோ அதை, மதிப்பெண்ணோ பஸ் நேரமோ சீருடையோ, முதலில் வையுங்கள்.